கிருமியின் சாட்சியம்

மேல்வகுப்பு மாணவர்க்குச் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை நாம் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "இந்தக் காலமெண்டால் அந்தச் சிலம்பை ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருப்பினம், சேர். கோவலன் தப்பியிருப்பான்" என்றான். வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் மணியடித்து வகுப்புக் கலைந்த பின்னரும் அவன் கூற்று நம்மை விட்டு அகலவில்லை. சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்பதை அறிவதற்கு ஆய்வுகூடம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. உடைத்துப் பார்த்தாற் போதும். கோவலன் உயிரோடிருக்கையிலேயே உடைத்துப் பார்த்திருக்கலாம். பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட மன்னனுக்கு அது தோன்றவில்லை, ஏவலாளர்க்கும் தோன்றவில்லை. அவ்வாறாயின், பாண்டியன் அவையிற் குறைவாயிருந்தது விஞ்ஞானமா, வேறொன்றா?

குற்றத்தைக் கண்டறியும் கருவிகள் இன்று பாண்டியன் கனவிலும் கண்டிராத நுட்பம் பெற்றுவிட்டன. அவற்றுள் ஒன்றை எடுத்து, இக்கேள்வியை அதன்மேல் உரைத்துப் பார்க்க விரும்புகின்றோம்.

கொலை நிகழ்ந்த இடத்திற் கிடந்த ஓர் இரத்தத் துளியைக் கொண்டு அதற்குரிய மனிதனை இனங்காணும் முறை இப்பொழுது பலரும் அறிந்ததே. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக் ஜெஃப்ரிஸ் என்னும் விஞ்ஞானி 1984இல் அதற்கு வழிகண்டார். அம்முறை முதன்முதலாகக் கொலை வழக்கொன்றிற் பயன்பட்டபோது அது செய்த முதற் காரியம் ஒருவனைச் சிறைக்கு அனுப்பியதன்று. குற்றத்தைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டிருந்த ஓர் இளைஞன் குற்றமற்றவன் என்று காட்டியதே. இதனை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம்; பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

நாம் பேச எடுத்துக்கொண்டது அதனின்றும் சற்று வேறானது. மனிதனுடைய பரம்பரையலகுகளை அன்று, மனிதனைத் தொற்றிய கிருமியின் பரம்பரையலகுகளை எழுத்தெழுத்தாகப் படித்து, அக்கிருமி எங்கிருந்து வந்தது, எக்காலத்தில் வந்தது, எதற்கு உறவானது என்று கூறும் முறை அது. தமிழ் படித்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்றுமுன் ஏடு தேடி அலைந்தவர். அவரைப் போலச் சுவடிகளை ஒப்புநோக்கியோர் யாவரும் கண்ட உண்மை ஒன்றுண்டு. ஏட்டைப் பார்த்து ஏடெழுதுவோன் பிழைவிடுவான். அவன் ஏட்டைப் பார்த்து எழுதுவோன் அப்பிழையையும் சேர்த்தே எழுதுவான். ஆதலால் இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படுமாயின், அவை ஒரு தாயேட்டின் வழிவந்தவை எனத் துணியலாம். திருத்தமான பாடம் உறவைக் காட்டாது. பிழையே உறவைக் காட்டும்.

கிருமியும் ஏடெழுதும் தொழிலையே செய்துகொண்டிருக்கின்றது. தன்னைப் பெருக்குந்தோறும் தன் உயிரெழுத்துக்களைப் படியெடுக்கின்றது. படியெடுக்குந்தோறும் இடையிடையே பிழைவிடுகின்றது. எயிட்ஸ் நோயை உண்டாக்கும் வைரசின் நூல் ஏறத்தாழ 10,000 எழுத்துக்கள் கொண்டது. அது மிகவும் கவனக் குறைவான எழுத்தாளன். ஒரு நோயாளியின் உடம்பினுள்ளேயே பல பாடபேதங்களைப் படைத்துவிடும். கொலராக் கிருமியின் நூலோ ஏறத்தாழ 40 இலட்சம் எழுத்துக்கள் கொண்டது. அது நிதானமாக எழுதும். பிழைகள் சேரும் வேகம் ஓரளவு சீரானதாகையால், இரண்டு படிகளுக்கிடையே உள்ள வேற்றுமைகளை எண்ணி, அவை எப்பொழுது ஒரு தாயேட்டினின்றும் பிரிந்தன என்றும் கணிக்கலாம். கிருமியின் எழுத்திலே ஊரும் உண்டு, ஆண்டும் உண்டு.

இவ்வளவு கற்ற சாட்சி மன்றேறினால் நீதி வழுவுமோ என்று நாம் எண்ணலாம். லிபிய நாட்டுப் பெங்காசி நகரில் நடந்தது அந்த எண்ணத்தைக் கலைக்கின்றது.

பெங்காசியிற் குழந்தைகளுக்கென அமைந்த பெரிய வைத்தியசாலை ஒன்று இருந்தது. 1998இல் அங்கே சிகிச்சை பெற்ற பிள்ளைகள் பலருக்கு எயிட்ஸ் வைரசு தொற்றியிருப்பது தெரியவந்தது. தொகை ஏறிக்கொண்டே போய் 400ஐயும் கடந்தது. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் தூக்கிக்கொண்டு போன பிள்ளைகள் அவர்கள். எந்தத் தாய் தாங்குவாள்? யார் செய்தார்கள் என்ற கேள்வி நகரெங்கும் எழுந்தது. 1999ஆம் ஆண்டு பெப்ரவரியில், அவ்வைத்தியசாலையிற் கூலிக்கு வந்து வேலை செய்த பல்கேரிய நாட்டுத் தாதியர் சிறைப்பிடிக்கப்பட்டனர். ஈற்றில் ஐந்து தாதியரும் ஒரு பலஸ்தீன இளம் வைத்தியரும் வேண்டுமென்றே பிள்ளைகளுக்கு நோயை ஊசியால் ஏற்றினர் என்று குற்றஞ்சாட்டப்பட்டனர். அயல்நாட்டு உளவு நிறுவனங்களின் ஏவலால் நிகழ்ந்த சதி என்று நாட்டின் தலைவர் கடாபியே 2001இல் அபுஜா நகரில் கூடிய ஆபிரிக்க மாநாட்டிற் பேசினார். எதிரிகளுட் சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஏடுகளிற் பதிவாயிற்று. மின்சாரம் பாய்ச்சி வதைத்துப் பெற்ற ஒப்புதல் அது என அவர்கள் பின்னர் மன்றிலே கூறினர். 2007இல், எல்லாம் முடிந்த பிறகு, கடாபியின் மகனே வதை நிகழ்ந்ததை ஒப்புக்கொண்டார்.

2003இல் எயிட்ஸ் வைரசைக் கண்டறிந்தோருள் ஒருவரான லுக் மொன்ராஞ்ஞேயும் இத்தாலிய விஞ்ஞானி விற்றோரியோ கொலிசியும் மன்றின் முன் தம் அறிக்கையை வைத்தனர். இத்தாதியர் வரு முன்னரே தொற்றுத் தொடங்கிவிட்டதென்றும், ஒருமுறை பயன்படுத்திய ஊசி முதலியவற்றை மீண்டும் பயன்படுத்தியமையும் சுகாதாரக் கேடுமே காரணமென்றும் அவர்கள் கூறினர். லிபிய வைத்தியர் குழுவொன்று அதனை மறுத்தது. மன்று அக்குழுவையே நம்பியது. 2004 மே மாதம் அறுவரையும் சுட்டுக்கொல்லுமாறு தீர்ப்பாயிற்று. மேன்முறையீட்டில் அத்தீர்ப்புத் தள்ளுபடியாகி, வழக்கு மீண்டும் தொடங்கிற்று.

கிருமி தன் வாயைத் திறந்தது அப்பொழுதுதான். நோயுற்ற பிள்ளைகளுட் பலர் ஐரோப்பிய வைத்தியசாலைகளிற் சிகிச்சை பெற்றிருந்தனர். அவர்களின் குருதியிலிருந்த வைரசின் எழுத்துக்களைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடிப் படித்தனர். பிள்ளைகளிடத்திருந்த வைரசுகள் யாவும் ஒரு தாயின் வழியினவாய், மேற்கு ஆபிரிக்காவில் வழங்கும் வகைக்கு நெருங்கிய உறவினவாயிருந்தன. பல்கேரியர் அவ்வைத்தியசாலைக்கு வந்தது 1998 மார்ச்சு மாதத்தில். அதற்கு முன்னரே அவ்வைரசு அங்கே பரவிக் கிளைவிடத் தொடங்கிவிட்டது என்பதை எழுத்துப் பிழைகளின் எண்ணிக்கை காட்டிற்று. இன்னொன்றும் வெளிப்பட்டது. பிள்ளைகளுட் பலரிடம் ஈரலைத் தாக்கும் சி வகை வைரசும் இருந்தது. அதுவும் ஒருமுறையன்று, வெவ்வேறு வழியாகப் பலமுறை புகுந்திருந்தது. அதன் வரவும் தாதியர் வரவுக்கு முந்தியது. எயிட்ஸைச் சதியால் ஏற்றினார்கள் என்றால், இதனை ஏற்றியவர் யார்? ஊசிதான். கழுவாத ஊசி, மாற்றாத ஊசி, போதாத ஊசி.

இவ்வாய்வு 'நேச்சர்' என்னும் விஞ்ஞான ஏட்டில் 2006 டிசெம்பர் முற்பகுதியில் வெளியாயிற்று. தீர்ப்பு அம்மாதம் 19ஆந் திகதி வந்தது. மீண்டும் மரண தண்டனை.

பாண்டியன் அவையில் சிலம்பு உடைந்தது கோவலன் இறந்த பின். பெங்காசி வழக்கிலோ சிலம்பு உடைக்கப்பட்டு, பரல்கள் உலகத்தார் அனைவர் முன்னும் தெறித்துக் கிடக்க, அவற்றை மிதித்துக்கொண்டே தீர்ப்பு வழங்கப்பட்டது. 2007 யூலையில் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அதன் பின்னர், குடும்பம் ஒன்றுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் டொலர் என்று உடன்பாடாகி, தண்டனை ஆயுட்சிறையாகக் குறைந்து, யூலை 24ஆந் திகதி அறுவரும் பல்கேரியாவிற்கு விமானமேறினர்; இறங்கியவுடன் அந்நாட்டு அதிபர் மன்னிப்பளித்தார். எட்டாண்டுகளுக்கு மேல் அவர்கள் சிறையிருந்தனர். கிருமியின் சாட்சியம் உலகின் மனத்தை மாற்றியிருக்கலாம். ஆனால் கதவைத் திறந்தது பேரமே. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு என்னும் சொல் எவ்வளவு கொடியது என்பதை அந்தத் தாதியரே அறிவர்.

அந்தத் தாய்மாரை நாம் இகழ்வதற்கில்லை. அவர்களுட் பலர் தாதியரின் மரணத்தையே வேண்டி மன்றின் வாயிலில் நின்றனர். "உன் பிள்ளையை ஒருவரும் கொல்ல நினைக்கவில்லை, ஓர் ஊசியை மாற்றாமல் விட்டார்கள், அவ்வளவே" என்று ஒரு தாயிடம் சொல்லிப் பாருங்கள். அந்த 'அவ்வளவே' அவளை இரண்டாம் முறை கொல்லும். பகைவன் ஒருவன் இருந்தான் என்றால் துயரத்துக்கு ஒரு முகம் கிடைக்கின்றது. கண்ணகியின் சினமும் ஒரு நகரையே எரித்தது. மனித மனத்தின் இவ்வியல்பை அரசுகள் நன்கறியும். ஊசி வாங்கும் பணம் எங்கே போயிற்று, எண்ணெய் வளம் மிக்க ஒரு நாட்டின் குழந்தை வைத்தியசாலையிற் கருவிகளைத் தூய்மை செய்யும் ஒழுங்கு ஏன் இல்லை என்னும் கேள்விகள் எழாதிருக்க வேண்டுமாயின், ஒரு முகத்தைக் காட்டினாற் போதும். அந்த முகம் அயல்நாட்டாளுடையதாய், கூலியாளுடையதாய், பெண்ணுடையதாய் இருப்பின் இன்னும் நன்று.

இதுவரை கூறியதைக் கொண்டு, "விஞ்ஞானம் பேசிற்று, கொடுங்கோல் கேட்கவில்லை" என்று கூறி முடித்துவிடலாம். அது எளிய முடிவு. நம்மவர் பலர்க்கும் உவப்பான முடிவுங்கூட. கொடுங்கோல் இல்லாத இடத்திற் கிருமி பேசினால் என்ன நடக்கும் என்பதையும் கண்ட பின்னரே நாம் அதற்கு உடன்பட முடியும்.

2010 சனவரியில் ஹெயிட்டி நாட்டை நிலநடுக்கம் அழித்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் அங்கே கொலரா தோன்றியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அந்நாடு கொலராவை அறிந்ததில்லை. நிலநடுக்கத்தால் வீடிழந்தோர் நெருங்கிக் கிடந்த தலைநகர்க் கூடாரங்களில் அது தோன்றியிருந்தால் வியப்பில்லை. தோன்றிய இடமோ தொலைவிலே, மிரபலே என்னும் ஊரின் அருகே, ஆர்ட்டிபொனீற் ஆற்றின் கிளைச் சிற்றோடை ஒன்றின் கரை. மக்கள் குளித்ததும் துணி துவைத்ததும் பலர் குடித்ததும் அந்த ஆற்று நீரே. ஓடையின் கரையில் ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப்படை முகாம் ஒன்று இருந்தது. அம்மாதமே நேபாளத்திலிருந்து புதிய படையினர் அங்கே வந்து இறங்கியிருந்தனர். அவர்கள் புறப்படுமுன் நேபாளத்திற் கொலரா பரவியிருந்தது.

ஊரார்க்கு ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. முகாமின் மலக்கழிவு நீரிற் கலப்பதை அவர்கள் கண்ணாற் கண்டனர், மூக்கால் உணர்ந்தனர். சபை மறுத்தது. பிரெஞ்சு வைத்திய ஆய்வாளர் ரெனோ பியாரு ஊர் ஊராக நோய்க் கணக்கெடுத்து, ஆற்றின் போக்கையும் நோயின் போக்கையும் ஒப்பிட்டு, முகாமையே சுட்டினார். அதன் பின்பும் ஐயம் பேசப்பட்டது. 2011 ஓகத்தில் வெளியான ஆய்வொன்று ஐயத்துக்கு இடமின்றிச் செய்தது. 2010இல் நேபாள நோயாளரிடமிருந்து எடுத்த 24 கொலராக் கிருமிகளின் முழு எழுத்துக்களையும் ஹெயிட்டிக் கிருமியின் எழுத்துக்களோடு ஒப்பிட்டபோது, சிலவற்றுக்கும் அதற்கும் இடையே 40 இலட்சம் எழுத்துக்களில் ஒன்றிரண்டே வேறுபட்டன. நேபாள நாட்டு ஆய்வாளர்களும் அக்கட்டுரையை எழுதினோருள் இருந்தனர். தம் நாட்டுப் படையின் மேல் பழி விழும் என்று தெரிந்தும் தம் கையிலிருந்த கிருமிகளை எடுத்துக்கொடுத்த அந்த நேர்மையைப் பற்றி ஒருவரும் பெரிதாகப் பேசவில்லை. ஆகையால் நாமாவது இங்கே குறித்து வைப்போம்.

சபை நியமித்த நால்வர் குழு அவ்வாண்டு மே மாதத்திலேயே அறிக்கை தந்திருந்தது. கிருமி தெற்காசிய வகையினது, ஆற்று நீர் மலத்தால் மாசுற்றது, முகாமின் கழிவு ஒழுங்குகள் போதியனவாயில்லை என்றெல்லாம் கூறிய அவ்வறிக்கை, முடிவில், பல சூழ்நிலைகள் ஒன்றுகூடியதால் நேர்ந்த இக்கேட்டுக்கு எந்தத் தனி மனிதரோ குழுவோ பொறுப்பல்லர் என்று எழுதிற்று. புதிய சான்றுகளைக் கண்ட அந்நால்வரும் 2013இல் தம் பெயரிலேயே எழுதிய கட்டுரையில், முகாமைச் சார்ந்தோர் வழியாகவே நோய் வந்திருக்க வேண்டும் என்பதை ஏற்றனர். ஆயினும் நோயுற்றோரின் ஈட்டுக் கோரிக்கையை அவ்வாண்டே சபை ஏற்க மறுத்துவிட்டது. நியூயோர்க் நீதிமன்றத்தில் வழக்கிட்டனர். சபைக்குச் சட்டக் காப்பு உண்டு, அதன்மேல் வழக்குச் செல்லாது என்று 2015இல் மன்று கூறியது. 2016இல் மேன்முறையீட்டு மன்றும் அதனையே கூறியது. 2016 டிசெம்பரிற் சபைச் செயலாளர் நாயகம் பான் கீ மூன் ஹெயிட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டும் 8 இலட்சம் பேர் நோயுற்றும் போயினர்.

இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் நம் மாணவனின் கேள்விக்கு விடை தென்படத் தொடங்குகின்றது. பெங்காசியில் ஓர் அமைப்பின் குற்றத்தை மறைப்பதற்கு ஆறு மனிதர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். ஹெயிட்டியில் குற்றவாளியாகத் தனி மனிதர் எவரும் இல்லை என்று காட்டி ஓர் அமைப்பு விடுவிக்கப்பட்டது. ஒன்று சர்வாதிகாரியின் மன்று. மற்றது உலகின் மிகப் பழுத்த சட்ட மரபுகளுள் ஒன்றைச் சேர்ந்த மன்று. இரண்டும் அடிப்படையில் ஒரே எண்ணத்தையே கொண்டிருந்தன. குற்றம் என்பது ஒரு மனிதன் நெஞ்சில் தீய எண்ணமாகப் பிறக்க வேண்டும் என்பதே அவ்வெண்ணம். தீய நெஞ்சு ஒன்று கிடைத்தால், கிடைக்காவிட்டாற் படைத்துக்கொண்டால், தண்டனை. இல்லையேல், விதி, சூழ்நிலை, துரதிர்ஷ்டம்.

கிருமியின் எழுத்து இவ்வெண்ணத்துக்கு ஒத்துழைப்பதில்லை. அது நெஞ்சைப் படிப்பதில்லை. அது காட்டுவது பாதையை: இந்த ஊசியிலிருந்து அந்த ஊசிக்கு, இந்தக் குழியிலிருந்து அந்த ஓடைக்கு, ஓடையிலிருந்து வாய்க்கு. அப்பாதையில் நேபாள ஏழைக் குடியானவன் மகன் ஒருவன், தன் குடலிற் கிருமி இருப்பதையே அறியாது, கூலிக்காகச் சீருடை தரித்து நிற்கின்றான். அவனையா நாம் கூண்டிலேற்றுவது? அவனுக்கு மலசலகூடம் அமைத்துத் தந்த ஒழுங்கும், புறப்படுமுன் அவனைப் பரிசோதிக்காத ஒழுங்கும், கழிவை அள்ளிச் சென்று கொட்டுவதற்கு ஒப்பந்தம் கொடுத்துவிட்டு அது எங்கே கொட்டப்படுகின்றது என்று திரும்பிப் பாராத ஒழுங்குமே கூண்டிலேற வேண்டியவை.

இங்கே ஒரு மறுப்பு எழும். எமது நண்பரும் இடதுசாரி இயக்கத்தில் ஊறியவருமான ஆசிரியர் ஒருவரோடு பலமுறை வாதித்த மறுப்பு இது. "எல்லாம் அமைப்பின் குற்றம் என்றால், ஒருவரும் குற்றவாளியல்லர் என்றாகிவிடாதா? ஹெயிட்டி அறிக்கையும் இதைத்தானே சொல்லிற்று?" என்று அவர் கேட்டார். அவர் கேட்டது சரி. 'அமைப்பு' என்னும் சொல் நம்முடைய பேனாவிலிருந்து மிக எளிதாக உதிர்கின்றது. அது மறைவிடமாகவும் ஆகிவிடும். ஆயினும் அமைப்பு என்பது மூடுபனியன்று. அது கையொப்பங்களால் ஆனது. ஊசிக்கான நிதியை வெட்டிய கையொப்பம், கழிவு ஒப்பந்தத்தை ஏற்ற கையொப்பம், ஊராரின் முறைப்பாட்டை ஆதாரமில்லை என்று திருப்பிய கையொப்பம். அவற்றையிட்டவர்க்குத் தீய எண்ணம் இருந்திராது. அறிந்திருக்க வேண்டியதை அறிய முயலாதிருந்தனர். அறிந்த பின்னும் அறியாதவர்போல இருந்தனர். எண்ணத்தின் தீமைக்குத் தண்டனை வகுத்த சட்டம், எண்ணாமையின் தீமைக்குப் போதிய சொல்லைக்கூட இன்னும் தேடிக்கொள்ளவில்லை. நண்பர் இதனை முழுவதும் ஏற்றுக்கொண்டார் என்று நாம் சொல்லமாட்டோம்.

இனி, கிருமியின் சாட்சியத்துக்கும் எல்லை உண்டு. 2001இல் ஐக்கிய அமெரிக்காவில் அந்திராக்ஸ் நுண்பொடி இட்ட கடிதங்கள் அஞ்சலில் வந்தன. ஐவர் இறந்தனர், பதினேழுவர் நோயுற்றனர். ஆய்வுகூடங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைத் திரட்டி, கடிதக் கிருமியிற் கண்ட நான்கு சிறு பிழைகளைத் தேடிச் சென்ற ஆய்வு, அமெரிக்க இராணுவத்தின் சொந்த ஆய்வுகூடமொன்றிலிருந்த ஒரு குடுவையிடம் போய் நின்றது. குடுவை வரையிலேயே கிருமி வழிகாட்டும். அதனைத் தொட்ட கை எது என்று அதற்குத் தெரியாது. அக்குடுவையை அணுகக்கூடியவராயிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர். அதற்கு முன் வேறொருவரைப் பல்லாண்டுகள் சந்தேகத்தால் வாட்டி, ஈற்றில் இழப்பீடு கொடுத்துத் தப்பிய அரசு, இம்முறை அந்த ஆய்வுகூடத்து விஞ்ஞானி ஒருவரைச் சுட்டியது. 2008இல், குற்றப்பத்திரம் தாக்கலாகுமுன், அவர் தற்கொலை செய்துகொண்டார். அவரே குற்றவாளி என்று கூறி 2010இல் கோப்பை மூடினர். 2011இல் அந்நாட்டுத் தேசிய ஆய்வுக் கழகம், விஞ்ஞானச் சான்றை மட்டும் கொண்டு கடிதக் கிருமி எங்கிருந்து வந்தது என்பதை உறுதியாகக் கூறவியலாது என்றது. அவர் செய்தாரோ இல்லையோ, ஒன்று மட்டும் தெளிவு: கிருமியைப் பெருக்கி வைத்த குடுவை ஒருபோதும் விசாரிக்கப்படவில்லை.

இங்கே லெஸ்டர் வழக்கை மீண்டும் நினைவூட்டுகின்றோம். 2018இல் எயிட்ஸ் ஆய்வாளர் இருபதின்மர் சேர்ந்து, நோய் தொற்றச் செய்ததாக மனிதரைத் தண்டிக்கும் சட்டங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஒருவருடைய வைரசும் மற்றவருடைய வைரசும் உறவின என்பதால், ஒருவரிடமிருந்தே மற்றவர்க்குத் தொற்றியது என்று உறுதிப்படுத்தவியலாது. இருவர்க்கும் மூன்றாமவர் ஒருவர் கொடுத்திருக்கலாம். ஆனால் உறவில்லை என்று காணுமிடத்து, ஒருவர் மீதான பழியை அது துடைக்கவல்லது. இதுவே அவர்கள் கூறியதன் சாரம். ஆகவே இக்கருவிக்குத் தண்டிக்கும் வலிமையிலும் விடுவிக்கும் வலிமையே மிகுதி. ஆனால் இதனைப் பெரிதும் கையாள்வோர் பொலிசாரும் வழக்குத்தொடுநருமே. ஏழை எதிரியொருவன், தன்னை விடுவிக்கக்கூடிய ஆய்வைத் தன் செலவில் எந்த ஆய்வுகூடத்திற் செய்விப்பான்? பெங்காசித் தாதியர்க்காக உலகெங்குமுள்ள விஞ்ஞானிகள் கூலி பெறாது உழைத்தனர். பெயர் தெரியாத வழக்குகளுக்கு யார் உழைப்பார்?

இவ்வளவும் எழுதிய பின்னர் மீண்டும் அந்த மன்னனை எண்ணுகின்றோம். நிலவுடைமைக் காலத்து முடிவேந்தனைப் புகழ்வது நமது வழக்கமன்று. மாணவர்க்குப் பாடஞ் சொல்லும்போதும் பாண்டியனது அவசர ஆணையைக் கண்டித்தே சொல்லி வந்திருக்கின்றோம். ஆயினும் மாணிக்கப் பரல் தன் முகத்தெதிரே தெறித்த கணத்தில் அவன் முன் இரண்டு வழிகள் திறந்திருந்தன. பொற்கொல்லனை இழுத்து வரச்செய்து, "இவனே என்னை ஏமாற்றினான்" என்று கூறியிருக்கலாம், அது உண்மையுமாகும். அல்லது காவலரின் பிழை, ஊழின் செயல், சூழ்நிலைகளின் கூட்டு என்று கூறியிருக்கலாம். இரண்டையும் அவன் செய்யவில்லை. கொலைசெய்ய வேண்டும் என்ற தீய எண்ணம் தன் நெஞ்சில் இல்லாதிருந்தும், தன்னையே கள்வனென்று சொல்லி வீழ்ந்தான். சான்றை ஆராயும் திறத்தில் அவன் நம்மினும் மிகப் பின்தங்கியவன். சான்று கிடைத்த பின் அதற்கு என்ன பெயரிடுவது என்பதில் அவனுக்குத் தயக்கம் இருக்கவில்லை.

அடுத்த தவணையில் அந்த மாணவன் உயிரியல் படிக்கப் போவதாகச் சொல்கின்றான். ஹெயிட்டிச் செய்தியை அவனிடம் கூறினோம். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அந்த ஆத்துத் தண்ணியை இப்பவும் குடிக்கினமோ, சேர்?" என்றான். மூன்றாண்டுகளுக்கு மேலாகக் காணப்படாதிருந்த கொலரா 2022 ஒக்டோபரில் அந்நாட்டில் மீண்டும் தோன்றியது. நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியின் எழுத்துக்களைப் படித்தனர். 2010இல் வந்த அதே கிருமியின் வழித்தோன்றல் அது.